கொலம்பியாவில் வீடு வாங்க வருவோருக்கு: கிரயப் பத்திரத்துக்குள் இருக்கும் வரலாறு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் நடுவே இருக்கும் கொலம்பியாவுக்கு வேலை நிமித்தமாகக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்களில் பல, ஓராண்டு வாடகை வீட்டில் இருந்துவிட்டு அடுத்த ஆண்டே சொந்த வீடு தேடத் தொடங்குகின்றன. அப்படித் தேடுகிறவர்கள் படுக்கையறைகளின் எண்ணிக்கையையும் பள்ளியின் பெயரையும் விசாரிக்கிறார்களே தவிர, இந்த ஊர் எப்படி உருவானது என்று கேட்பதில்லை. வேறு ஊர்களில் அந்தக் கேள்வியை ஆர்வமுள்ளவர்களுக்கு விட்டுவிடலாம். இங்கே அப்படி விட முடியாது. கிரயத்தின்போது உங்கள் முன் வைக்கப்படும் தாள்களில் பல, 1960களில் ஒரு மனிதர் எடுத்த முடிவுகளிலிருந்து நேராக வருபவை. ஆகவே வீடு வாங்கும் படிகளையும் ஊரின் கதையையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

முதலில் கதையின் தொடக்கம். ஜேம்ஸ் ரவுஸ் 1914இல் மேரிலாந்தின் ஈஸ்டனில் பிறந்தவர். வீட்டுக் கடன் தொழிலிலும் வணிக வளாகங்கள் கட்டுவதிலும் பெயர் பெற்றவர். பெருநகரங்களைச் சுற்றித் திட்டமின்றிப் பரவிக்கொண்டிருந்த புறநகர்களைப் பார்த்து வருந்திய அவர், முழுமையான ஒரு நகரத்தையே புதிதாகக் கட்டிக் காட்ட முனைந்தார். 1962 முதல் 1963 வரை, யார் வாங்குகிறார்கள் என்பது தெரியாதபடி பல்வேறு நிறுவனப் பெயர்களில், நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனிக் கிரயங்களின் மூலம், ஹோவர்டு கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) ஏறத்தாழ 14,000 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கினார். அது அந்தக் கவுண்டியின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு. கனெக்டிகட் ஜெனரல் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அதற்குப் பணம் கொடுத்தது. இவ்வளவு நிலமும் யார் கைக்குப் போகிறது என்று தெரியாமல் உள்ளூரில் வதந்திகள் பரவிக்கொண்டிருந்த நிலையில், 1963 அக்டோபரில் ரவுஸ் தாமே அதை வெளிப்படுத்தினார்.

அவர் முன்வைத்த குறிக்கோள்கள் நான்கு: முழுமையான நகரம் அமைத்தல், நிலத்தை மதித்தல், மனிதர் வளர இடம் தருதல், இலாபம் ஈட்டுதல். இலாபத்தை மறைக்காமல் நான்காவதாகச் சொன்னதை நான் இன்றும் மதிக்கிறேன். சமூகவியல், கல்வி, மருத்துவம் எனப் பல துறை அறிஞர்களை ஒன்றாக உட்காரவைத்து, வீதி வரைபடம் போடும் முன்பே மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்று அவர் பேசவைத்தார். 1965இல் கவுண்டி நிர்வாகம் இதற்கென்றே 'புதுநகர்' என்ற தனி நில வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. 1967 ஜூன் 21 அன்று நகரம் முறைப்படி திறக்கப்பட்டது.

அந்தத் தேதியை ஒரு கணம் நின்று பாருங்கள். வெவ்வேறு இனத்தவர் திருமணம் செய்துகொள்வதைத் தடுத்த மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதே ஆண்டு ஜூன் 12 அன்று. கொலம்பியா பிறந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன்பே, இங்கு வீடு விற்பவர் எவரும் தோல் நிறம் பார்க்கக் கூடாது என்று ரவுஸ் உறுதியாக நின்றார். வேறெங்கும் வீடு கிடைக்காத கலப்பு மணத் தம்பதிகள் இங்கு குடியேறினார்கள். பழுப்பு நிறத்தோடு நாம் இன்று எந்த வீட்டின் கதவையும் தட்டிப் பார்க்க முடிவதற்கு அவர்களும் ஒரு காரணம் என்பதால், இதை வரலாற்றுத் துணுக்காக என்னால் கடந்துபோக முடியவில்லை.

முதற் படி: விற்பனைக்கு வந்த வீடு எந்தக் கொலம்பியாவில் இருக்கிறது என்று பாருங்கள்

சட்டப்படி கொலம்பியா ஒரு நகராட்சி அல்ல. மேயர் இல்லை, நகர மன்றம் இல்லை. 2020 கணக்கெடுப்பில் 1,04,681 பேர் வாழ்ந்த இந்த ஊரை ஹோவர்டு கவுண்டிதான் ஆள்கிறது. ஊரின் எல்லையைத் தபால் முகவரியைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. 21044, 21045, 21046 என்ற தபால் குறியீடுகளில் வரும் எல்லா வீடுகளும் ரவுஸின் திட்டத்துக்குள் அடங்கியவை அல்ல. அவருக்கு விற்க மறுத்தவர்களின் நிலங்களும், அவர் வருவதற்கு முன்பே வீடுகள் எழுந்துவிட்ட பகுதிகளும் தீவுகளைப் போல இடையிடையே நிற்கின்றன. ஆல்வியூ எஸ்டேட்ஸ் அத்தகைய ஒன்று. அங்குள்ள வீட்டுக்குக் கொலம்பியா முகவரி உண்டு, கொலம்பியாவின் ஆண்டுக் கட்டணமும் நிபந்தனைகளும் கிடையாது. இதற்கு நேர்மாறாக, 1990களில் வளர்ந்த கடைசிக் கிராமமான ரிவர் ஹில்லில் பல வீடுகளின் முகவரி கிளார்க்ஸ்வில் என்றிருக்கும். ஆனால் அவை திட்டத்துக்குள் இருப்பவை. விளம்பரத்தில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை நம்பாமல், இந்த மனை கொலம்பியா அசோசியேஷனின் கட்டணத்துக்கு உட்பட்டதா என்று வீட்டு விற்பனை முகவரிடம் நேராகக் கேளுங்கள்.

இரண்டாம் படி: கிராமத்தைத் தேர்ந்தெடுங்கள்

திட்டத்துக்குள் பத்துக் கிராமங்கள் உள்ளன: வைல்ட் லேக், ஹார்ப்பர்ஸ் சாய்ஸ், ஓக்லண்ட் மில்ஸ், லாங் ரீச், ஓவன் பிரவுன், டவுன் சென்டர், ஹிக்கரி ரிட்ஜ், கிங்ஸ் கான்ட்ரைவன்ஸ், டோர்ஸிஸ் சர்ச் (Dorsey's Search), ரிவர் ஹில். கிராமம் என்றால் வயல் சூழ்ந்த ஊரை நினைக்க வேண்டாம். சில குடியிருப்புகள் சேர்ந்தது ஒரு கிராமம். அதன் நடுவே மளிகைக் கடையும் கூடுமிடமும் கொண்ட ஒரு மையம். குழந்தைகள் பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடந்து செல்ல வேண்டும் என்பது அதன் பின்னிருந்த எண்ணம். பல மதத்தவரும் ஒரே கூரையின் கீழ் வழிபடுவதற்கான பொது இல்லங்களையும் இந்த மையங்களின் அருகில் கட்டினார்கள். அவற்றில் முதலாவது 1970இல் வைல்ட் லேக்கில் திறக்கப்பட்டது.

பெயர்களைக் கவனித்தால் இரண்டு அடுக்குகள் தெரியும். டோர்ஸிஸ் சர்ச், லாங் ரீச், கிங்ஸ் கான்ட்ரைவன்ஸ் ஆகியவை குடியேற்றக் காலத்து நிலப் பட்டாக்களின் பெயர்கள். அந்தப் பட்டாக்களின் மேல் எழுந்த தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் கதையும் இந்த மண்ணுக்கு உண்டு. வீதிகளின் பெயர்கள் வேறு வகை. சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே உள்ள தெருப் பெயர் எதுவும் திரும்ப வரக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததால், பெயர் வைத்தவர்கள் கவிதைகளையும் கதைகளையும் ஓவியங்களையும் புரட்டினார்கள். முதற் குடியிருப்பான பிரையண்ட் வுட்ஸ், வில்லியம் கல்லன் பிரையண்ட் என்ற கவிஞரின் பெயரைத் தாங்கியது. வீதிப் பெயர் விசித்திரமாக இருந்தால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு கவிதை வரி.

தேர்வைப் பொறுத்தவரை என் யோசனை எளிது. வீட்டைப் பார்க்கும் முன் கிராம மையத்துக்குச் சென்று அரை மணி நேரம் இருங்கள். சில மையங்கள் புதுப்பிக்கப்பட்டு உயிரோடு இருக்கின்றன. சில, பெரிய கடைகளின் போட்டியில் தளர்ந்துவிட்டன. லாங் ரீச் மையத்தின் பெரும்பகுதியை 2014இல் கவுண்டி அரசே விலைக்கு வாங்கும் நிலை வந்தது. டவுன் சென்டர் வேறு திசையில் செல்கிறது: 2010இல் கவுண்டி மன்றம் ஏற்ற திட்டத்தின்படி அங்கு மேலும் 5,500 குடியிருப்புகள் வரை கட்ட வழியுண்டு. கட்டுமானச் சத்தமும் அடுக்குமாடிகளும் உங்களுக்கு ஒத்துவருமா என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பள்ளிகளைக் கவுண்டி முழுவதற்குமான ஒரே அமைப்பு நடத்துகிறது. கிராம எல்லையும் பள்ளி எல்லையும் ஒன்றல்ல. பள்ளி எல்லைகளை அவ்வப்போது மாற்றியும் வரைகிறார்கள், 2019இல் பெரிய அளவில் மாற்றினார்கள். முகவர் சொல்வதோடு நிற்காமல், வீட்டு எண்ணைக் கொடுத்துப் பள்ளி அமைப்பின் தளத்திலேயே தேடிப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஆண்டுக் கட்டணத்தைக் கணக்கிடுங்கள்

நகராட்சி இல்லாத ஊரில் ஏரியையும் பாதையையும் யார் பராமரிப்பது? ரவுஸ் கண்ட விடை கொலம்பியா அசோசியேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. 1966 டிசம்பரில் பதிவான ஒரு பத்திரத்தின் மூலம், திட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு மனையும் அந்த அமைப்புக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தியாக வேண்டும் என்று நிலத்தின் மீதே எழுதிவைத்தார்கள். வீடு எத்தனை கை மாறினாலும் அந்தக் கடமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். நம் மொழியில் சொன்னால், அது நிரந்தரமான ஒரு வில்லங்கம். கட்டாமல் விட்டால் அந்த நிலுவை வீட்டின் மீதே கடனாக ஏறும்.

கணக்கு இதுதான்: மாநிலம் வரிக்காக நிர்ணயித்த மதிப்பில் பாதியை எடுத்து, ஒவ்வொரு 100 டாலருக்கும் 68 சென்ட் போட வேண்டும். மதிப்பு 5,00,000 டாலர் என்றால் பாதி 2,50,000. கட்டணம் ஆண்டுக்கு 1,700 டாலர். இது சொத்து வரிக்கு மேல் தனியாகக் கட்ட வேண்டியது; அது வரி அல்ல என்பதால், குடியிருக்கும் வீட்டுக்கு வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. இந்தப் பணத்தில்தான் கிட்டுமகுண்டி, வைல்ட் லேக், எல்க்ஹார்ன் ஆகிய மூன்று செயற்கை ஏரிகளும், 90 மைலுக்கு மேல் நீளும் நடைபாதைகளும், 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட திறந்தவெளியும் பராமரிக்கப்படுகின்றன. நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இதில் அடங்கிவிட்டன என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவற்றுக்குத் தனி உறுப்பினர் கட்டணம் உண்டு. குடியிருப்பாளருக்குச் சலுகை விலை, அவ்வளவே.

டவுன்ஹவுஸ் எனப்படும் வரிசை வீடோ, காண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடோ வாங்குவோர் இன்னும் ஒரு அடுக்கைப் பார்க்க வேண்டும். அந்த வீடுகளுக்கென்று தனி உரிமையாளர் சங்கமும் அதற்கு மாதக் கட்டணமும் இருக்கக் கூடும். இரண்டையும் கூட்டிய பிறகே கடன் தவணை உங்களால் தாங்கக் கூடியதா என்று முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: நிபந்தனைகளையும் இணக்கக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்

புதியவர்கள் அதிகம் இடறி விழும் இடம் இது. ஒவ்வொரு கிராமத்துக்கும் தனி நிபந்தனைப் பத்திரம் உண்டு. வேலி போடுவது, வெளிப்புறச் சுவரின் நிறத்தை மாற்றுவது, பின்புற மரத்தளத்தை விரிப்பது, பெரிய மரத்தை வெட்டுவது என்று வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களுக்கு முன்னதாகக் கிராமத்தின் கட்டடக்கலைக் குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும். கவுண்டியின் கட்டட அனுமதி இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு.

வீடு விற்பனைக்கு வரும்போது, கிராம அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து வெளிப்புறத்தைப் பார்த்து, எல்லாம் ஒப்புதலோடு உள்ளது என்று ஓர் இணக்கக் கடிதம் தருவார். இந்தக் கடிதத்தை விற்பவர் தர வேண்டும் என்பதை வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டை நான் வாங்கியபோது, பின்புற மரத்தளம் அழகாக, இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் போடும் அளவுக்கு விரிந்திருந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். கடிதம் வந்தபோதுதான் அந்த விரிவின் கடைசி நான்கு அடிக்கு யாரும் ஒப்புதல் கேட்கவே இல்லை என்பது தெரிந்தது. முந்தைய உரிமையாளர் வரைபடம் வரைந்து, அண்டை வீட்டாருக்குத் தெரிவித்து, குழுவின் முன் வைத்து, ஒப்புதல் வாங்குவதற்குள் கிரயம் மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. கடிதத்தைக் கேட்காமல் வாங்கியிருந்தால் அந்த நான்கு அடியை அறுத்தெறியும் செலவு என் தலையில் விழுந்திருக்கும்.

இந்த நிபந்தனைகள் கல்வெட்டு அல்ல. சங்கங்கள் தடுத்தாலும் சொந்த மனையில் துணி காயப்போடக் கொடி கட்டும் உரிமையை 2010இல் மேரிலாந்து சட்டம் காத்தது. புல்தரைக்குப் பதிலாக மண்ணுக்குரிய செடிகளை வளர்த்த ஒரு கொலம்பியா தம்பதிக்கும் அவர்களுடைய வீட்டுச் சங்கத்துக்கும் எழுந்த வழக்கு, 2021இல் அத்தகைய தோட்டங்களைச் சங்கங்கள் தடை செய்யக் கூடாது என்ற மாநிலச் சட்டத்துக்கே வழிவகுத்தது. கறிவேப்பிலைத் தொட்டியையும் செண்டுமல்லிப் பாத்தியையும் மனத்தில் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

மேரிலாந்துச் சட்டம் வாங்குபவருக்கு இன்னொரு காப்பையும் தருகிறது. உரிமையாளர் சங்கத்தின் கீழ் வரும் பழைய வீட்டை விற்பவர், சங்கத்தின் கட்டணம், விதிகள், நிலுவைகள் பற்றிய விவரங்களை எழுத்தில் தர வேண்டும்; அவை கைக்கு வந்த ஐந்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். காண்டோ என்றால் ஏழு நாட்கள். அந்தக் கட்டு நூறு பக்கத்தைத் தாண்டினாலும் அந்த நாட்களுக்குள் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டின் வயதை வைத்து நோயைத் தேடுங்கள்

திட்டமிட்ட ஊரில் ஒரு பகுதி முழுவதும் ஒரே காலத்தில் எழுந்ததால், ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு வரும் குறை அடுத்த வீட்டுக்கும் இருக்கும். மாநில மதிப்பீட்டுத் துறையின் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் கட்டிய ஆண்டும், முந்தைய விற்பனை விலையும், வரி மதிப்பும் இலவசமாகத் தெரியும். ஆண்டு தெரிந்துவிட்டால் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரியும்.

வைல்ட் லேக், ஓக்லண்ட் மில்ஸ் போன்ற தொடக்கக் கிராமங்களின் வீடுகளில், 1960களின் நடுவிலிருந்து 1970களின் நடுவரை வழக்கிலிருந்த அலுமினிய மின்கம்பி இருக்கலாம். இணைப்புகளில் அது சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. 1978க்கு முந்தைய வீடுகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு இருக்கக் கூடும். தவழும் குழந்தை இருக்கும் குடும்பங்கள் இதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. 1970களின் இறுதி முதல் 1995 வரையிலான வீடுகளில் பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைத் தேட வேண்டும். அடித்தளத்துக்கு இறங்கி, வெந்நீர்த் தொட்டியின் மேற்புறம் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். கையால் அழுத்தினால் சற்று வளையும் சாம்பல் நிறக் குழாயும், இணைப்புகளில் உலோக வளையமும், குழாயின் உடலில் 'பிபி2110' என்ற அச்சும் தெரிந்தால் அதுதான். அது சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கக் கூடியது. காப்பீட்டு நிறுவனங்கள் சில அத்தகைய வீட்டை ஏற்கத் தயங்குகின்றன. முழுக் குழாயையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

1980களின் டவுன்ஹவுஸ்களில், தீ அண்டை வீட்டுக்குப் பரவாதிருக்கக் கூரையின் பொதுச் சுவரோரம் இரசாயனம் ஏற்றிய பிளைவுட் பலகைகளைப் பதித்தார்கள். கோடை வெப்பத்தில் அவை கருத்து உதிர்ந்துபோவது உண்டு. சோதனையாளர் பரண் மேல் ஏறிப் பார்க்கிறாரா என்று நின்று கவனியுங்கள். மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்கு ஹோவர்டு கவுண்டி அதிக ஆபத்துள்ள வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அடித்தளம் உள்ள வீட்டுக்கு அந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். ரவுஸ் வெட்டாமல் விட்ட பெருமரங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். அவற்றின் வேர்கள் பழைய கழிவுநீர்க் குழாயைத் தேடிச் செல்லும். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது நல்லது.

விற்பவர், வீட்டின் நிலையை விவரிக்கும் படிவத்தையோ எந்த உறுதியும் தரவில்லை என்ற படிவத்தையோ தேர்ந்தெடுக்க மேரிலாந்துச் சட்டம் அனுமதிக்கிறது. இரண்டாவதைக் கொடுத்தாலும், தமக்குத் தெரிந்த மறைந்த குறைகளைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆறாம் படி: கடன், ஒப்பந்தம், கிரயம்

இந்தப் பகுதி எல்லா அமெரிக்க ஊர்களுக்கும் பொதுவானது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கி தரும் கடன் முன்னொப்புதல் கடிதத்தோடு தேடத் தொடங்குங்கள். 2024 ஆகஸ்டு முதல், வீட்டைக் காட்டும் முன்பே வாங்குபவரிடம் எழுத்து ஒப்பந்தம் பெறுவது முகவர்களின் நடைமுறை; கையெழுத்திடும் முன் அவருடைய தரகுத் தொகையை யார் தருவது என்ற வரியைப் படியுங்கள். வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டரசு உறுதியளிக்கும் எஃப்எச்ஏ கடன் 2025 மே மாதத்திலிருந்து கிடைப்பதில்லை. வழக்கமான வங்கிக் கடனைத்தான் நாட வேண்டும். மேரிலாந்தில் முதன்முறையாக வீடு வாங்குவோருக்கு மாநிலப் பரிமாற்ற வரியில் விலக்கு உண்டு. வேறு மாநிலத்தில் வீடு வைத்திருந்தவரும் இதைப் பெறலாம். பத்திரப் பதிவுகளை மாநிலத்தின் நில ஆவணத் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு நீங்களே பார்க்க முடியும். 1960களின் பண்ணைக் கிரயங்கள் வரை பின்னோக்கிச் சென்று, உங்கள் மனை முன்பு யாருடைய சோள வயலாக இருந்தது என்று கண்டுபிடித்த நண்பர்கள் எனக்கு உண்டு.

குடிபுகுந்த பின்

சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகைக்கு ஒரு முறை விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. விண்ணப்பித்துவிட்டால், கவுண்டி வரிக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. மாநிலம் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பை மறுநிர்ணயம் செய்வதால் இந்த வரம்பு பெரிய துணை.

இன்னொன்று, சாவிகளை வாங்கும்போது தபால் பெட்டிச் சாவியையும் பெட்டி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். விற்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். கொலம்பியாவில் வாசலுக்கு வாசல் தபால் பெட்டி இருக்காது. தெருமுனையில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே உலோகப் பெட்டி நிற்கும். கடிதம் எடுக்க வரும் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காகவே தொடக்கத்தில் அப்படி வைத்தார்கள். நான் குடிவந்த வாரத்தில் சாவி இல்லாமல் அங்கு விழித்துக்கொண்டு நின்றபோது, எதிர்வீட்டுப் பெரியவர் தம் தபாலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பூட்டு மாற்றித் தரத் தபால் நிலையத்தில் எந்தச் சன்னலுக்குப் போக வேண்டும் என்று சொல்லித் தந்தார். 1971இல் குடிவந்தவர் அவர்.